பிழையா, பொய்யா?

உங்களை ஒரு அதிகாரியின் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, மேஜை நிறைய ஃபைல். மேலே இருக்கும் ஃபைலைத் திறங்கள். 2008-ல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போன ஒரு மாணவர். மேற்கொண்டு படிக்கத் தங்கும் அனுமதியை நீட்டிக்கச் சொல்லி 2012 பிப்ரவரியில் விண்ணப்பித்திருக்கிறார். செலவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் அவர் கணக்கில் இருந்தது என்று காட்ட வேண்டும். அது விதி. அவர் இணைத்திருக்கும் பாங்க் ஸ்டேட்மென்ட்டில் 22 நாள்தான் இருக்கிறது. அந்த 22 நாளும் பணம் இருந்திருக்கிறது, தேவைக்கு மேலேயே. மிச்சம் 6 நாளுக்குக் காகிதம் இல்லை.

என்ன செய்வீர்கள்?

அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் நிராகரித்துவிட்டார். 'தம்பி, அந்த ஆறு நாள் ஸ்டேட்மென்ட் எங்கேப்பா?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் அடுத்த வாரமே முடிந்திருக்கும் விவகாரம் அது. கேட்கவில்லை. மாணவர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்று, அதற்கும் மேலே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 அக்டோபரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தொடர்ச்சியாக வர வேண்டிய பாங்க் ஸ்டேட்மென்ட்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் விண்ணப்பதாரரிடம் கேட்டு வாங்குங்கள் என்று உள்துறை தன் ஊழியர்களுக்குக் கொடுத்த குறிப்பிலேயே எழுதியிருந்ததாம்! அதன்படி நடக்காமல் நிராகரித்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஆக, காகிதத்தில் தப்பு விட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் 6 நாள் கணக்கை இணைக்க மறந்தார். இன்னொருவர் தன் இலாகாவின் குறிப்பையே பின்பற்ற மறந்தார். முதலாமவருக்கு மூன்றரை வருஷம் கோர்ட், வக்கீல், படிப்பு என்னாகுமோ என்கிற கவலை. இரண்டாமவருக்கு? தீர்ப்பில் ஒரு பத்தி.

'அவன் ஒழுங்கா இணைச்சிருக்கணும் சார், விதின்னா விதிதான்' என்று உங்களில் பாதிப் பேராவது முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஒப்புக்கொள்கிறேன். கவனக்குறைவு கவனக்குறைவுதான். அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு, அதை யார், எதைக் கேட்ட பிறகு நிர்ணயிக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

நமக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. கண்ணகி மதுரையில் ஒற்றைச் சிலம்போடு போய் நின்றாளே, அது என்ன? மேல்முறையீடுதானே? அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். 'உன் சிலம்பில் என்னய்யா பரல்?' என்று கோவலனிடம் ஒரே ஒரு கேள்வி முன்னாலேயே கேட்டிருந்தால் காப்பியமே இல்லை. சாட்சியம் பலமாக இருந்தது. மேல்முறையீடும் ஜெயித்தது. ஆள்தான் இல்லை.

சரி, விசாவுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல் இருக்கிறதில்லையா, அது கொஞ்சம் ஆபத்தான சொல். தவறான தகவல் என்றாலும் ஃபால்ஸ்தான், பொய்யான தகவல் என்றாலும் ஃபால்ஸ்தான். விண்ணப்பத்தில் 'ஃபால்ஸ்' தகவல் இருந்தால் நிராகரித்தே ஆக வேண்டும் என்று பிரிட்டனில் விதி எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் குற்றத் தண்டனை உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் செய்துவிட்டார். வண்டி ஓட்டியதில் அவர் மேல் தண்டனை இருந்தது. அதெல்லாம் குற்றக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வழக்கு மேலே போனது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஃபால்ஸ் என்றால் நேர்மையின்மை இருக்க வேண்டும், வெறுமனே சரியில்லாத தகவல் என்பது போதாது என்றது.

ஒரு சொல்லுக்கு அர்த்தம் பிரிக்க அவர்களுக்கு மூன்று நீதிபதிகள் தேவைப்பட்டார்கள். நம்மிடம் பிழை என்றும் பொய் என்றும் தனித்தனியாக இரண்டு சொல் தயாராக இருக்கிறது. தவறு வேறு, தப்பு வேறு என்று எம்.ஜி.ஆர். படப் பாட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நடைமுறையில் நாம் என்ன வாழ்கிறதாம்? ரேஷன் கார்டில் பெயருக்கு ஒரு எழுத்து மாறியிருந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, திருடனைப் பார்க்கிற பார்வை.

அந்த ஒரு எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். காகிதப் பிழை செய்வதற்கென்றே பிறந்த ஜனங்கள் யார் என்று உலகப் போட்டி வைத்தால் தமிழர்களுக்குத்தான் கோப்பை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட் ஃபாரத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருப்பது நன்றாக இல்லையே என்று எஸ்.முருகேசன் அங்கே அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார். நியூயார்க்கில் இறங்கியதும் 'மிஸ்டர் சுப்பிரமணியம்' என்று கூப்பிடுகிறார்கள். செத்துப்போன அப்பாவை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று இவர் விழிக்கிறார். பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டவர்கள் கதை இன்னும் விசேஷம். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். ஐம்பது வருஷமாக ஊரே கூப்பிடுகிற பெயர் தெரியவில்லையாம்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை வீட்டில் வயிற்றைக் கலக்கியிருக்கும்!

பெண்கள் பாடு தனி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, பின்னால் புருஷனின் எழுத்து. டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் ஒருத்தி, ஆதாரில் இன்னொருத்தி. நம்முடைய 'ழ'வை ஆங்கிலத்தில் எழுத ஒருவர் இசட் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். கனிமொழி என்று ஒரே பெண்ணுக்கு மூன்று சர்ட்டிஃபிகேட்டில் மூன்று பெயர். இதில் எது பொய்?

பிறந்த தேதியோ கேட்கவே வேண்டாம். பிறப்புப் பதிவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969-ல்தான். கிராமத்தில் பிறந்த நம் பெற்றோர் தலைமுறைக்கு வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வைப்பார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் சேர்க்க வசதியாக அவரே ஒரு பிறந்த தேதியும் எழுதிக் கொடுத்துவிடுவார். ஜாதகத்தில் ஐப்பசி, சர்ட்டிஃபிகேட்டில் ஜூன். அந்த வாத்தியார் சொன்னது பொய்யா? யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவருக்குக் கிடையாது. ஒரு குழந்தை படிக்கட்டும் என்ற எண்ணம்தான். ஆனால் அறுபது வருஷம் கழித்து அந்தக் குழந்தை பாட்டியாகி, பெண்ணின் பிரசவத்துக்கு வெளிநாடு போக விண்ணப்பிக்கும்போது, இரண்டு காகிதத்தில் இரண்டு தேதி இருந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வாத்தியாரின் மனசு எப்படித் தெரியும்?

தெரியாது. அவர் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். அவரிடம் போலி பாங்க் ஸ்டேட்மென்ட்டும் வருகிறது. விண்ணப்பத்துக்காக மட்டும் ஒரு மாதம் கணக்கில் ஏற்றி, பிறகு வட்டியோடு இறக்கிவிடுகிற பணமும் வருகிறது. இல்லாத கம்பெனியின் லெட்டர்பேடில் சம்பளச் சான்றிதழும் வருகிறது. இதையெல்லாம் தயாரித்துக் கொடுக்கிற மகானுபாவர்கள் நம்மூரில்தான் இருக்கிறார்கள். ஒரு ஃபைலுக்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதோடு, விதியைக் கறாராகப் பிடிப்பதில் ஒரு தர்மமும் இருக்கிறது. முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுக்க ஆரம்பித்தால் நல்ல இங்கிலீஷ் பேசுகிறவனுக்குத்தான் விட்டுக்கொடுப்பார்கள். சிபாரிசு இல்லாதவனுக்குக் கடைசித் துணை விதிதான். ஆகவே, 'பாவம் சார், விட்டுடுங்க' என்று நான் கெஞ்சவில்லை.

ஆனால் பிழையும் பொய்யும் காகிதத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் மனிதனிடம் இருக்கிறது. அவனிடம் கேட்டால்தான் தெரியும். 2019 ஏப்ரலில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பிரிட்டனில் பல வருஷம் வேலை பார்த்து, நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்ட என்ஜினீயர்கள், ஐ.டி.க்காரர்கள் மாதிரியானவர்கள். இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் நிறையப் பேர். வருமான வரிக்குக் காட்டிய தொகையும் விசாவுக்குக் காட்டிய தொகையும் பொருந்தவில்லை என்று, மோசமான நடத்தை உள்ளவர்களுக்கும் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்களுக்கும் வைத்திருந்த பிரிவில் இவர்களை நிராகரித்தார்கள். சிலர் நிஜமாகவே தில்லுமுல்லு செய்திருக்கலாம். சிலருக்கு அக்கவுன்டன்ட் போட்ட கணக்கு உதைத்திருக்கலாம். நீதிமன்றம் யாரையும் யோக்கியன் என்று சர்ட்டிஃபிகேட் கொடுக்கவில்லை. ஒருவனை நேர்மையற்றவன் என்று முடிவு கட்டுவதற்கு முன், 'எங்களுக்கு இப்படிச் சந்தேகம் இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்டாக வேண்டும் என்றது.

நம்மூரிலும் இதற்குப் பெரிய தீர்ப்பு ஒன்று உண்டு. அதுவும் பாஸ்போர்ட் விவகாரத்தில்தான் வந்தது. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல முடியாது என்று பதில். 1978 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய தரப்பைக் கேட்காமல் இப்படிச் செய்யக் கூடாது என்று சொன்ன தீர்ப்பைத்தான் இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

'அதெல்லாம் சரி, எனக்கு விசா மறுத்துட்டாங்க. அப்பீல் பண்ணலாமா, வேண்டாமா?' என்றால், எந்த தேசம் என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க டூரிஸ்ட் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடே கிடையாது. 2023-ல் 185 டாலர் ஆக்கிய கட்டணத்தை மறுபடி கட்டி, மறுபடி வரிசையில் நிற்கலாம். தூதரக அதிகாரியின் முடிவில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்பது அங்கே பழைய சித்தாந்தம். 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை இன்னொரு முறை உறுதி செய்தது. வழக்குப் போட்டவர் அமெரிக்கக் குடிமகள். விசா மறுக்கப்பட்டது அவருடைய கணவருக்கு. பிரிட்டனில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை இருந்தது. 2013 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் தூதரகத்துக்கே ஒரு கடிதம் எழுதி, காசு கட்டாமல் மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1-லிருந்து அதுவும் இல்லை. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சேலத்திலிருந்து பெர்லினுக்கு! ஷெங்கன் நாடுகள் மறுப்புக்கான காரணத்தை ஒரு ஃபாரத்தில் டிக் அடித்துத் தர வேண்டும் என்பது மட்டும் சட்டத்தில் இருக்கிறது. இன்னொரு உறுப்பு நாடு ஆட்சேபித்ததால் மறுத்தால், அது எந்த நாடு, என்ன ஆட்சேபம் என்றும் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னது. இருட்டில் அடித்தது யார் என்றாவது தெரியட்டும்!

ஹைதராபாத் பக்கம் சில்கூரில் பெருமாளுக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர். வேண்டிக்கொள்ள 11 சுற்று, கிடைத்துவிட்டால் நன்றியாக 108 சுற்று. அங்கேயும் அப்பீலுக்கு எத்தனை சுற்று என்று யாரும் சொல்லக் காணோம்.

அப்பீல் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. 'மறுபடி விண்ணப்பித்துக்கொள்' என்பது நியாயம் போலத் தோன்றும். இரண்டும் ஒன்றில்லை. மறுபடி விண்ணப்பிக்கிறவன், போன தடவை நேரம் சரியில்லை, இந்தத் தடவை பார்ப்போம் என்கிறான். லாட்டரிச் சீட்டு மாதிரி. மேல்முறையீடு செய்கிறவன், நீ என்னைப் பற்றி எழுதியது சரியில்லை, திருத்து என்கிறான். முதலாமவனுக்கு விசா போதும். இரண்டாமவனுக்குத் தன் பெயரும் வேண்டும்.

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெண்ணுக்கு எட்டாம் மாதம் என்றால் கோர்ட் படியேறிக்கொண்டிருக்க முடியாது. குழந்தை தீர்ப்புக்காகக் காத்திருக்காது. விட்டுப்போன காகிதத்தைச் சேர்த்து, போன தடவை என்ன விட்டுப்போனது என்று அரைப் பக்கக் கடிதம் வைத்து, சுருக்காக மறுபடி விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் மறுப்புக் கடிதத்தில் 'ஏமாற்ற முயன்றார்' என்கிற ரீதியில் ஏதாவது இருந்தால் அதைச் சும்மா விடக் கூடாது. அந்தப் பட்டம் கூடவே வரும். தவறான தகவல் தந்து ஏமாற்றினார் என்று தீர்மானித்துவிட்டால் கனடாவில் 5 வருஷம் கதவு மூடல். பிரிட்டனில் 10 வருஷம் வரை. அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று எழுதிவிட்டால், விலக்குக் கொடுத்தால் ஒழிய, ஆயுள் முழுக்க. அப்படி எழுதப்பட்டவர் நிஜத்தில் பிழைதான் செய்தார் என்றால், செலவானாலும் அந்த ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பிடித்து, இருக்கிற வழியில் போராடியே ஆக வேண்டும். கெடு ரொம்பக் குறைவாக இருக்கும். கடிதம் வந்த தேதியை முதலில் குறித்துவையுங்கள்.

நான் பயப்படுவது அதிகாரியைப் பார்த்துக்கூட இல்லை. மறுப்புக்கு அடுத்த நாள் வீட்டுக்கு வருகிற ஆசாமியைப் பார்த்து. உறவினராக இருக்கலாம், ஏஜென்ட்டாக இருக்கலாம். 'சார், இதெல்லாம் ஒரு மேட்டரா? அந்தத் தேதியை நான் சரிபண்ணித் தரேன். பழைய பாஸ்போர்ட் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க. முன்னாடி மறுத்தாங்களான்னு கேட்பான், இல்லைன்னு போட்டுடுங்க. அவனுக்கு எங்கே தெரியப்போகுது?' அடிபட்ட கோபத்தில் இருக்கிறவருக்கு இது நியாயமாகவே படும். உண்மையைச் சொன்னதற்கு என்ன மரியாதை கிடைத்தது, பார்த்தோமே என்று தோன்றும். அந்த நிமிஷம் வரைக்கும் உங்கள் பக்கம் இருந்தது பிழை மட்டும். அது யாருக்கும் வரும். வாத்தியாருக்கு வந்தது, உள்துறைக்கே வந்தது. ஆசாமி சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டால் அதிகாரி உங்களைப் பற்றி நினைத்தது உண்மையாகிவிடும். அப்புறம் எந்த உச்ச நீதிமன்றம் வந்து உங்களிடம் என்ன கேட்டு, நீங்கள் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?

அவனுக்கு எங்கே தெரியும் என்பதும் சுத்தப் பேத்தல். முதல் தடவை எடுத்த கைரேகை கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது.

விளக்கக் கடிதம் எழுதும்போது கோபத்தையும் கண்ணீரையும் தனியாக வைத்துவிடுங்கள். தங்கள் மேலான சமூகத்துக்கு என்று ஆரம்பிக்கிற மனு பாஷையும் வேண்டாம். இந்தக் காகிதத்தில் இந்தத் தேதி இருக்கிறது, அந்தக் காகிதத்தில் அது இருக்கிறது, வித்தியாசம் இப்படி வந்தது, அதற்கு ஆதாரம் இது. இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் காதைத் தொட வைத்த கதையையும் தாராளமாக எழுதலாம், பின்னால் ஒரு அஃபிடவிட் சேர்த்து. படிக்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும். அப்புறம் அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும், இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று. அமெரிக்க ஃபாரத்தில் 'இல்லை' என்று போட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். 'ஆம்' என்று போட்டால் கீழே ஒரு சின்னக் கட்டம் திறக்கும், விளக்கம் எழுத. சில வரிகளுக்கு இடம் இருக்கும்.